கன்னி மூலையில் ஒரு நீச்சல் குளம்

வீட்டில் உனக்கு என்ன வேண்டும் என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அவர் கேட்டது மலேசியாவிலிருந்து, போனில். நான் நின்றுகொண்டிருந்தது பூலாம்பாடியில், என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில். 2004 அது. எங்கள் வீட்டுக்கு அப்போது போன் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், “ஏ புள்ள, ஒன் ஆளு கூப்புடுறான்” என்று மதிலுக்கு மேலே குரல் வரும். நான் ஓடுவேன். நான் பேசி முடிக்கும்வரை நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்வார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்கு மட்டும் எங்கிருந்துதான் கீரை வருமோ தெரியாது.

“புது வூட்டுக்கு பிளான் போடப் போறாங்க. அதுக்கு முன்னாடி சொல்லு, உனக்குன்னு என்ன வேணும்?” என்றார்.

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வீடு கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு அதிசயம் வைப்பார்கள். ஒருவர் மொட்டை மாடியில் இரண்டு சிங்கங்களை உட்காரவைத்தார். இன்னொருவர் வாசலில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூண்களை நிறுத்திவிட்டு, உள்ளே இரண்டே அறை கட்டினார். நான் சமையலறைக்குக் கிரானைட் மேடை கேட்பேன் என்று இவர் நினைத்திருக்க வேண்டும்.

“நீச்சல் குளம்,” என்றேன்.

நாத்தனாரின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ‘ஹலோ ஹலோ’ என்றேன்.

“இருக்கேன், இருக்கேன். நெசமாவா சொல்ற?”

“நெசமாத்தான். கொல்லைப்பக்கம் கட்டணும். நான் நீந்துறதுக்கு.”

நான் பிறந்தது அரியலூர் பக்கம். எங்கள் காட்டுக் கிணற்றில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகினவள் நான். ஒரே கோடையில் குடுக்கையைத் தூக்கிப் போட்டேன். அடுத்த கோடையில் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்தேன். என் அண்ணனை விட நான்தான் ஆழம் போவேன், அடியில் கிடக்கும் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவேன். பெரிய மனுஷி ஆனேன், அன்றோடு சரி. கிணற்றுப் பக்கம் போனால் காலை ஒடித்துவிடுவேன் என்றார் அம்மா. அண்ணன் காலை யாரும் ஒடிக்கவில்லை. அவர் குதித்தார், அவர் பிள்ளைகள் குதிக்கிறார்கள். நான் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காட்டுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போய், தூக்குவாளியோடு அந்தக் கிணற்று மேட்டில் நின்று பார்ப்பேன். வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன. சாவதற்குள் இன்னொரு தடவையாவது தலை முங்க நீந்திவிட வேண்டும் என்பது மட்டும் எனக்குள் கிடந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல இத்தனை காலம் வெட்கமாக இருந்தது. நாற்பதை நெருங்கினதும் அந்த வெட்கம் எங்கோ போய்விட்டது.

“சரி, கட்டுவோம்,” என்றார் என் வீட்டுக்காரர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அங்கே ஒரு பணக்காரரின் பங்களாவில் சமையல்காரராக இருந்தார். “இங்க மொதலாளி வூட்டுப் பின்னாடி இருக்கு. போட்டோ புடிச்சு அனுப்புறேன். அதே மாதிரி போட்டுருவோம்” என்றார்.

லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் மூலம் போட்டோக்கள் வந்து சேர்ந்தன. அடேங்கப்பா, அது குளமா? முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்த வடிவம். அடியில் நீல டைல்ஸ். சுற்றிலும் கல் பாவிய தளம். அதில் சாய்ந்து படுக்கிற நாற்காலிகள், ஒரு பெரிய குடை, ஓரத்தில் விளக்குகள். அந்தத் தளத்துக்கு ‘பேட்டியோ’ என்று பெயர் என்று போட்டோவின் பின்னால் எழுதியிருந்தார். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பால்காரர், தையல்காரர் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

அடுத்து வாஸ்து பார்க்கிறவர் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். கையில் திசைகாட்டி. மனையை நாலு பக்கமும் நடந்து பார்த்தார்.

“குளம் எங்க வரணும்ங்கிறீங்க?”

கொல்லையைக் காட்டினேன்.

“அது தென்மேற்கும்மா. கன்னி மூலை. அங்க பள்ளம் தோண்டினா குடும்பத் தலைவருக்கு ஆகாது. தண்ணிக்குப் பள்ளம் எடுக்கிறதுன்னா ஈசானிய மூலைதான்.”

ஈசானிய மூலை என்றால் வடகிழக்கு. எங்கள் மனை கிழக்குப் பார்த்தது. வடகிழக்கு என்றால் தெரு வாசல், அதை ஒட்டி பஸ் போகிற ரோடு, எதிரே டீக்கடை. கொல்லையிலேயே கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கலாமே என்று கேட்டேன். அங்கே செப்டிக் டேங்க் வருகிறதாம். அதை நகர்த்த முடியாதாம்.

நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். “முன்னாடியே இருக்கட்டும். ரோட்டுல போறவன் வாரவன் எல்லாம் பாக்கட்டும். தாமர விடலாம், மீனு விடலாம். நடுவுல ஒரு அன்னத்த நிப்பாட்டி வாயிலேருந்து தண்ணி ஊத்த வெக்கலாம்.”

“அப்ப நான் எப்ப நீந்துறது அண்ணி?”

“நீ நீந்துறதுக்கா இம்புட்டும்?” என்றார். கிண்டலுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரும் கட்சி மாறியிருந்தார். அக்கா முந்திக்கொண்டு பேசிவிட்டார் போலிருக்கிறது. “முன்னாடியே இருக்கட்டும் புள்ள. நானும் யோசிச்சுப் பாத்தேன். கெத்தா இருக்கும்ல?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “டீக்கடையில பத்துப் பேரு பாக்க நான் குதிக்கணுமா? முன்னாடி கட்டுறதா இருந்தா எனக்குக் குளமே வேண்டாம். ரெண்டு சிங்கம் வாங்கி வெச்சுக்குங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வெளிநாட்டு போனை நானாக வைத்தது அதுதான் முதல் தடவை. நாத்தனார் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்னால் கட்டினால் அது மீனுக்கு. கொல்லையில் கட்டினால் எனக்கு. இதில் நடுவே ஒன்றும் கிடையாது. அதே சமயம், குடும்பத் தலைவருக்கு ஆகாது என்று ஒருவர் சொன்னபிறகு கட்டு என்று அடம்பிடிக்கவும் மனசு வரவில்லை. எவ்வளவு சண்டை போட்டாலும் அவர் கடல் தாண்டி இருக்கிறவர். நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலி வந்தால்கூட ஊர் என் குளத்தைத்தான் சொல்லும்.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட வாஸ்துக்காரர் மறுபடி வந்தார். சமையலறை இங்கே, படுக்கையறை இங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியாகச் சொன்னார். “மேல்தண்ணித் தொட்டி மட்டும் கன்னி மூலையில வைங்க. அந்த மூல ஒசரமா, பாரமா இருக்கணும். எவ்வளவு பாரமோ அவ்வளவு நல்லது.”

சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி அவர் முன்னால் போய் நின்றேன்.

“தொட்டியில இருக்கிறதும் தண்ணிதானங்க?”

“தண்ணிதான். ஆனா தரைக்கு மேல இருக்கே.”

“அப்ப அந்த மூலையில தண்ணி ஆகாதுன்னு இல்ல. பள்ளந்தான் ஆகாது.”

“ஆமா.”

“பள்ளமே எடுக்காம, தரைக்கு மேலயே சுவரு எழுப்பி என் குளத்தக் கட்டிட்டா?”

அவர் என்னைப் பார்த்தார். திசைகாட்டியைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ. “அப்படிக் கட்டினா… அது குளமில்லம்மா, தொட்டி. தொட்டி தாராளமா வரலாம்” என்றார். அவருக்கு இரண்டாவது தம்ளர் காபி கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட நானே ரோடு வரைக்கும் போனேன்.

பெரம்பலூர் என்ஜினீயர், தண்ணீர் தள்ளுகிற தள்ளுக்குச் செங்கல் சுவர் தாங்காது, கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். வளைவு மட்டும் வேண்டாம் என்றார். முந்திரிப்பருப்பு போச்சே என்று மனம் அடித்துக்கொண்டது. எங்கள் கொத்தனாருக்கு ஒரே சந்தோஷம். “பம்புசெட் தொட்டிதாங்கம்மா இது. கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்” என்றார். தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் திறந்துவிடச் சுவரின் அடியில் பெரிய குழாயும் திருகுகிற வால்வும் வைத்தார். குளத்துக்குப் பக்கத்தில் அதே உயரத்துக்கு மண் நிரப்பி மேடை கட்டினோம். படியேறி மேடைக்குப் போய்விட்டால், காலடியில் குளம். போட்டோவில் இருந்த மாதிரியேதான். எனக்காக அந்த மேடையின் ஓரத்தை முந்திரிப்பருப்பு மாதிரி வளைத்துக் கொடுத்தார் கொத்தனார். நான் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

மேடை முடிந்த அன்று ஆசை ஆசையாக ஏறி நின்றேன். ஊரே தெரிந்தது. ஊருக்கும் நான் தெரிந்தேன். மேற்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, “சௌக்கியமா” என்றார்.

இறங்கி நேராகப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். தெற்கு மதிலையும் மேற்கு மதிலையும் எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் கட்டலாம், அது இன்னும் விசேஷம் என்று வாஸ்துக்காரர் சொன்னபோது, அவர் காலில் விழாத குறைதான். அன்றிலிருந்து எனக்கு வாஸ்து மேல் அப்படி ஒரு பக்தி. வடக்கு மதிலைத்தான் தூக்கக் கூடாதாம். வடக்கே இருப்பது நாத்தனாரின் மொட்டை மாடி. செடி கொடிக்குச் சாஸ்திரம் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். வடக்கு ஓரம் முழுக்க மூங்கில் தட்டி நிறுத்தி முல்லை ஏற்றிவிட்டேன்.

டைல்ஸ் வாங்கத் திருச்சிக்குப் போனது தனி கூத்து. கடைக்காரர் பாத்ரூமுக்கு என்று நினைத்துக்கொண்டு, “பாத்ரூம் என்ன சைஸுங்க?” என்றார். இருபத்தைந்து அடிக்குப் பன்னிரண்டு அடி என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “எத்தன பேரு குளிக்கிறதுக்கு?” “ஒருத்திதான்,” என்றேன். நாலைந்து நீலம் எடுத்துப் போட்டார். போலீஸ்காரர் வீட்டு நீலம், மருந்துக்கடை நீலம் என்று எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில், அடுக்கின் பின்னால் கிடந்த ஒன்றை இழுத்தேன். பச்சை கலந்த நீலம். கை வைத்தால் ஈரமாக இருக்குமோ என்று தோன்றியது. ஒரு டைலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் வந்தேன்.

மேடைக்குக் கல் எங்கள் அண்ணன் காட்டிலிருந்து வந்தது. அரியலூர்ப் பக்கத்துக் காடுகளில் ஏர் ஓட்டினால் சிப்பியும் நத்தையும் பதிந்த கற்கள் புரளும். ஒரு காலத்தில் அதெல்லாம் கடலாக இருந்ததாம். அண்ணனுக்கு அது வெறும் தொல்லை. “ஏரு ஒடைக்கிற கல்லுக்கு டிராக்டர் வாடகையா? ஒனக்குப் பித்துப் புடிச்சிருச்சு” என்று சொல்லிக்கொண்டே ஒரு டிரெய்லர் நிறையக் கொண்டுவந்து கொட்டினார். தட்டையானவற்றைப் பொறுக்கி, சிப்பி மேலே தெரியும்படி நானே உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தேன். கொத்தனார் பதித்தார். நடுவில் ஓர் இரும்புக் குழாயை நட்டு, தென்னங்கீற்றால் குடை வேய்ந்தோம். துணி கட்டிய ஈசிசேர் இரண்டு. ஓரம் முழுக்கச் செம்பருத்தித் தொட்டிகள். போட்டோவில் இருந்த சாமான் ஒன்றும் எங்கள் ஊரில் கிடைக்காது. ஆனால் எல்லாம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் போட்டோவில் இல்லாதது. கட்டட வேலை ஆரம்பித்த அன்றே குளத்துச் சுவரில் கொத்தனார் ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டியிருந்தார். கோரைப்பல், உருட்டு விழி, பெரிய மீசை. வேலை முடிந்தும் எடுக்க விடவில்லை. “இந்த மாதிரி சாமான் இந்தச் சுத்துப்பட்டுல எங்க இருக்கு? கண்ணு பட்டுரும்” என்றார். குளத்தைப் பார்க்க அனுமதி உள்ள ஒரே ஆம்பளை இவன்தான் என்று சொல்லி, மீசையோடு விட்டுவைத்தேன்.

மாசி மாதத்தில் இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். டைல்ஸ் வேலை முடிந்து, குளம் கழுவித் துடைத்துக் கிடந்தது. திரும்பி வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் மேடை ஏறினேன். குளம் நிறைந்திருந்தது. மக்காச்சோளம். சுவரிலிருந்து சுவர் வரை, கால்விரல் புதைகிற அளவுக்கு மஞ்சளாக மக்காச்சோளம். நடுவில் நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காலால் துழாவிக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அண்ணி, என்ன இது?”

“வா வா. ஒன் களத்த மாரி ஒரு களம் நான் பாத்ததே இல்ல புள்ள,” என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. “ஆடு ஏற முடியல, கோழி ஏற முடியல. ஒரு மணி செதறல. சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்குது. இதுக்குத்தான் கட்டினேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நானே தம்பிகிட்ட பேசியிருப்பேன்ல?”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சிரிப்பும் வந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் ஊருக்குள் இப்படித்தான் ஒன்று கையைவிட்டுப் போகும். இந்த வருஷம் மக்காச்சோளம், அடுத்த வருஷம் எள், அப்புறம் அது காலகாலத்துக்கும் களம். ஒரு வார்த்தை பேசாமல் சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினேன். இருட்டுவதற்குள் கடைசி மணி வரை அள்ளி அவர் வாசலில் இறக்கிவிட்டேன். ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

வைகாசியில் கிரகப்பிரவேசம். என் வீட்டுக்காரர் லீவில் வந்து சேர்ந்தார். மேடை ஏறி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். திருஷ்டி பொம்மையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாளாக மோட்டார் ஓடிக் குளம் நிரம்பியிருந்தது. ஐயர் அதிலும் கொஞ்சம் மஞ்சளும் பூவும் போட்டு மந்திரம் சொன்னார். அந்த நீலத்தில் பூ மிதப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விசேஷம் முடியட்டும், சொந்தக்காரர்கள் கிளம்பட்டும், அன்றைக்கே இறங்கிவிடுவது என்று இருந்தேன். பெரம்பலூரில் ஒரு சுடிதார்கூடத் தைத்து வைத்திருந்தேன். யாருக்கு என்று தையல்காரர் கேட்டார். எனக்குத்தான் என்று அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.

பந்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ‘தொபீர்’ என்று ஒரு சத்தம். தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் ஒரே கும்மாளம். வாளியை வைத்துவிட்டு அடுப்படி வழியாக எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் பங்காளிகள், அவர்கள் கூட்டாளிகள் என்று ஏழெட்டு ஆம்பளைகள் குளத்துக்குள். வேட்டிகள் என் செம்பருத்திமேல் கிடந்தன. ஒருவர் ஈசிசேரில் ஈரத்தோடு படுத்திருந்தார். “சூப்பர் எடம் மாப்ள. இனிமே கெணத்துக்குப் போற வேலையே இல்ல. டெய்லி இங்கதான்” என்று ஒருவர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வாஸ்துவை ஜெயித்து, மதிலைத் தூக்கி, மக்காச்சோளத்தை அள்ளி, கடைசியில் இதுவும் இன்னொரு கிணறா? நான் மறுபடியும் கரையில் நிற்கிறேன், இந்தத் தடவை பாயச வாளியோடு. விருந்தாளிகளை வெளியே வா என்று சொல்ல முடியாது. அவர்களோடு போய் இறங்கவும் முடியாது. இன்று விட்டால் இது அவர்கள் இடம்.

நான் நேராகக் குளத்துச் சுவரைச் சுற்றிப் பின்னால் போனேன். குனிந்து வால்வைத் திருகினேன். இறுக்கமாக இருந்தது. பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து மொத்தமாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் பாய்ந்து தென்னைக்குப் போயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி பாயசம் ஊற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் கும்மாளம் அடங்கியது. “டேய், தண்ணி எறங்குதுடா.” “எங்கடா?” “பாரு, இடுப்புக்கு வந்துடுச்சு.” அப்புறம் முழங்காலுக்கு வந்தது, பிறகு டைல்ஸே தெரிந்தது. “கொத்தனாரு ஏமாத்திட்டான்டா, குளம் ஒழுகுது” என்று ஒருவர் கத்த, பந்தியில் உட்கார்ந்திருந்த கொத்தனார் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு ஓடினார். எனக்குப் பகீரென்றது. இந்த மனுஷன் பெயர் கெடப் போகிறதே, இதை யோசிக்காமல் போனோமே என்று பின்னாலேயே ஓடினேன்.

அவர் சுவரைச் சுற்றி வந்தார். வால்வைப் பார்த்தார். என் புடவை ஓரத்தில் இருந்த துருக் கறையைப் பார்த்தார். பிறகு, காலியான நீல டைல்ஸில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். “புதுத் தொட்டியில மொதத் தண்ணிய நிக்க விடக் கூடாதுங்க. சிமெண்டுக் காரம் எறங்கியிருக்கும். நான்தான் தொறந்துவிடச் சொன்னேன். நீங்க பாட்டுக்கு எறங்கிட்டீங்களே. ஒடம்பு அரிக்கலீங்களா?”

முதலில் ஒருவர் தோளைச் சொறிந்தார். அப்புறம் இன்னொருவர் முதுகை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழெட்டுப் பேரும் சொறிந்துகொண்டே படியேறி, வேட்டியை அள்ளிக்கொண்டு நல்ல தண்ணீர் தேடி ஓடினார்கள். முல்லைத் தட்டிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கொத்தனாருக்கு அன்று நானே கூட இருந்து இன்னொரு இலை போட்டுப் பரிமாறினேன். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சொந்தக்காரர்கள் ஊருக்குப் போனார்கள். விசேஷத்துக்கு வந்திருந்த எங்கள் பிள்ளைகள் இருவரும் காலேஜ் ஹாஸ்டலுக்குத் திரும்பினார்கள். குளத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பினேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “வால்வத் தொறந்தது நீதான?” என்றார்.

“ஆமா. இன்னைக்கு மத்தியானம் நான் எறங்கப் போறேன். யாரும் கொல்லப்பக்கம் வரக் கூடாது. நீங்களுந்தான்” என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேலும் ஒரு தோசை கேட்டார்.

உச்சி வெயில். ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்தது. புதுச் சுடிதாரோடு படியேறினேன். சிப்பிக் கல் காலைச் சுட்டது. ஓரத்தில் நின்றபோது திடீரென்று பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்து உடம்புக்கு நினைவிருக்குமா? மறந்துபோயிருந்தால்? இத்தனை அமர்க்களம் பண்ணிவிட்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குளித்துவிட்டு வருவதா? போனால் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன்.

குளிர் மண்டைக்கு ஏறியது. கை தானாக விரிந்தது. கால் தானாக உதைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, நிஜமாகவே நான் ஒன்றும் செய்யவில்லை, உடம்பே என்னை எடுத்துக்கொண்டு போயிற்று. எதிர்ச் சுவர் வந்து கையில் இடித்தது. திரும்பினேன். மறுபடி சுவர். அடிக்குப் போய்த் தரையைத் தொட்டேன். மல்லாந்து மிதந்தேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ சத்தம் போட்டேன். சந்தோஷம் என்றால் இதுதான் சந்தோஷம், இதற்கு முன்னால் நான் அந்தப் பெயரில் சொன்னதெல்லாம் வேறு ஏதோ.

மூச்சு வாங்கிக்கொண்டு ஓரத்தைப் பிடித்து நின்றபோதுதான் பார்த்தேன். அடுப்படிக் கதவை ஒருக்களித்துத் திறந்துகொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

“வரக் கூடாதுன்னு சொன்னேன்ல?” என்றேன் கோபமாக.

“வரல. இங்கதான் நிக்கிறேன்,” என்றார். பிறகு, “நல்லா நீந்துற” என்றார்.

“நீங்க எறங்கியிருக்கலாம்ல அன்னைக்கே, அவங்களோட? மலேசியாவுல தெனம் நீந்துனவருதான?”

அவர் கொஞ்ச நேரம் கதவுத் தாழ்ப்பாளை நோண்டிக்கொண்டிருந்தார். “எனக்கு நீச்சல் தெரியாது புள்ள” என்றார். “எட்டாவதோட ஹோட்டல் வேலைக்குப் போனவன். என்னய யாரு கெணத்துல எறக்கிவிட்டா? அந்த வூட்டுக் குளத்தோரமா இத்தன வருஷமா ஜூஸ் தட்டத் தூக்கிட்டு நடந்திருக்கேன். உள்ள விழுந்துட்டா செத்துருவோம்னு பயந்துகிட்டே நடப்பேன். அவங்க ஈரக் காலோட நடந்த தரையத் தொடச்சு விடுறதுதான் எனக்கும் அதுக்கும் உள்ள பழக்கம். ஒரு நாளு காலக் கூட வெச்சதில்ல.”

இவர் போட்டோ எடுத்து அனுப்பியபோதே, நீங்கள் அதில் இறங்கியதுண்டா என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை.

“நீ சொல்லித் தருவியா?” என்றார். அவர் என்னிடம் அப்படி ஒரு குரலில் எதையும் கேட்டதில்லை.

வாங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்தத் தண்ணீர் அத்தனையும் இருந்தது.

“நாளைக்கு வாங்க. நானே சொல்லித் தரேன்,” என்றேன். “இன்னைக்கு எனக்கு மட்டும்.”

அவர் சிரித்தார். சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.